ஐம்பது பெயரும் இரண்டு கையெழுத்தும்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே இடது முட்டியைத் தவிர வேறு புகார் இல்லை. உன் தலைவலி, உன் வீட்டுக்காரரின் இருமல், மகளின் கடைசி வருடப் பள்ளிப் படிப்பு மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது.

போனில் பேசினால் என்ன ஆகும் என்பது போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. நீ வைத்த வேகத்தில் என் காது இன்னும் சரியாகவில்லை. பண விஷயம் எதுவானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாளே, அது நல்ல வழக்கம். தபால்பெட்டிவரை நடப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். இனி இந்தப் பணத்தைப் பற்றி நமக்குள் கடிதம் மட்டும்.

அம்மாவின் வீடு விற்ற தொகை வந்துவிட்டது. உன் பாதி, என் பாதி. அதை ஒன்றாகவே குறியீட்டு நிதியில் போடலாம் என்கிறேன். நீ புரியவில்லை என்றாய். நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளைப் பட்டியல் போட்டு, அவற்றின் விலைகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள். 'சந்தை இத்தனை புள்ளி ஏறியது' என்று செய்தியில் வருவது அந்த எண்தான். பெரிய கம்பெனிக்கு அதில் பெரிய இடம், சின்னதற்குச் சின்ன இடம். நாம் அந்தப் பட்டியலை அப்படியே வாங்கி வைக்கிறோம். யாரும் உட்கார்ந்து இது தேறும், அது தேறாது என்று பொறுக்குவதில்லை. அதனால் கூலியும் குறைவு. கல்லூரியில் என் துறையில் ஒருவர் மேகத்தைப் பார்த்து மழை சொல்வதுபோலப் பங்கு சொல்கிறார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் எல்லோரும் இப்போது குடையில்லாமல் நிற்கிறார்கள். யாரையும் நம்பாத என்னைப் போன்றவளுக்கு இதுதான் சரி.

இரண்டு நிபந்தனை. பத்து வருடம் தொடக் கூடாது. எடுப்பதானால் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அல்லது உனக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். இத்துடன் ஒட்டிய பழுப்புக் கவர் ஒன்று வைத்திருக்கிறேன். பணம் எடுக்கும் படிவம் அதில் இருக்கிறது, என் கையெழுத்துடன். அவசரம் வந்தால் எனக்குக் காரணத்தை எழுது. என் பதில் வந்தபின் கவரைப் பிரி. நான் உயிரோடு இருக்கும்வரை அதற்கு முன் பிரிக்காதே.

முதலீட்டுப் படிவத்தில் பென்சில் குறி போட்ட இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி வெயிலோடு வருகிறது, வெயிலோடு போகிறது. அவருடைய இருமல் ஃபவுண்டரி இருக்கும்வரை இருக்கும். மகள் படிக்கிறாள் என்று அவளே சொல்கிறாள், வேறு சாட்சி இல்லை.

காதுக்கு என்ன மருந்து என்று எங்கள் மருந்துக்கடையில் கேட்டேன். அக்கா தங்கச்சி சண்டைக்கு இன்னும் மருந்து வரவில்லையாம்.

உன் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்தார். உன் கடிதம் என்றால் அவருக்கு ஒரு மரியாதை, எழுந்து நின்றுதான் படிப்பார். "அம்பது கம்பெனியும் ஒண்ணா முங்கினா என்ன பண்றது?" என்று கேட்டார். "அப்ப ஊரே முங்கியிருக்கும், நம்ம பணத்த யாரு தேடுவா" என்றேன். சரிதானே?

அவர் வேலை பார்க்கும் பெரியவர் ஃபவுண்டரியில் இப்போது மூன்று ஷிஃப்டும் இரும்பு வார்க்கிறார்கள். அவர் துணியைத் துவைத்தால் வாளி அடியில் அச்சு மணல் ஒரு கை நிற்கிறது. சேர்த்து வைத்தால் ஒரு அறை கட்டலாம். நீ முதலீடு செய். நான் மணல் சேர்க்கிறேன்.

படிவத்தில் நீ சொன்ன எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒன்றுகூட விடவில்லை, சரிபார்த்துக்கொள். பழுப்புக் கவர் பீரோவில் இருக்கிறது. கையில் எடுத்தால் கனமே இல்லை.

முட்டிக்கு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறேன். கல்லூரி மாடிப்படியை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறாதே.

உன் தங்கை

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

மாத்திரை வேலை செய்கிறது. நீ மருந்துக்கடையில் இருப்பதன் பயனை முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

பணம் மார்ச் முதல் வாரத்தில் உள்ளே போனது. இன்று நான்கு சதவீதம் மேலே இருக்கிறது. இதை மகிழ்ச்சிக்காக எழுதவில்லை; நாளை நான்கு கீழே போனால் நீ அழக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தினமும் எண்ணைப் பார்க்காதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

கவர் பத்திரமா?

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி?

பார்க்காதே என்றாய். எங்கள் கடையில் டிவி கல்லாவுக்கு மேலே இருக்கிறது. இருமல் மருந்து எடுக்கத் தலையைத் தூக்கினால் சிவப்பு அம்புக்குறிதான் தெரிகிறது. பதினோரு சதவீதம் இறங்கிவிட்டது என்கிறார்கள்.

கொஞ்சம் வெளியே எடுக்க முடியுமா? முழுதும் வேண்டாம்.

அவர் இப்போது வீட்டில் அதிகம் இருக்கிறார், ஷிஃப்ட் மாறியிருக்கிறது. வாளியில் மணல் நிற்பதில்லை, தண்ணீர் மிச்சம். மகள் தேர்வில் தேறிவிட்டாள்.

கவர் இருக்கிறது.

தங்கை

ஜூன் 18

அன்புள்ள தங்கைக்கு,

மகளுக்கு என் வாழ்த்துகள். நான் நலம்.

நீ பயந்திருக்கிறாய். அது இயல்பு. ஆனால் பயம் ஒரு காரணம் ஆகாது. இருபத்தாறு வருடமாக நான் மாணவிகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். இந்தக் குறியீட்டெண் இப்படி விழுந்த வருடங்களை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எழுந்திருக்க இரண்டு வருடம் எடுத்ததும் உண்டு, நான்கு எடுத்ததும் உண்டு. விழுந்தபோது விற்றவர்களுக்கு மட்டும் அது நிரந்தர நஷ்டம். மற்றவர்களுக்குத் தாளில் ஒரு எண்.

அவர் வீட்டில் அதிகம் இருந்தால் நல்லதுதான், இருமல் குறையும்.

உண்மையிலேயே தேவை என்றால் காரணத்தை எழுது. அதுதான் நம் ஏற்பாடு.

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

நலம்தான்.

காரணம் கேட்டாய். தேவை இருக்கிறது என்பதுதான் காரணம். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் வேண்டும். அதற்குமேல் எழுத இது என்ன ஆராய்ச்சிக் கட்டுரையா? நான் கேட்பது என் பாதியை. உன்னுடையதில் கை வைக்கச் சொல்லவில்லை.

பதினேழு சதவீதம் இறங்கியிருப்பது எனக்கும் தெரியும். நஷ்டத்தோடு எடுக்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

கவரைப் பிரிக்கவில்லை. நீ 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

தங்கை

ஜூலை 12

அன்புள்ள தங்கைக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய். கோபத்தில்கூட நலம் என்று எழுத மறக்கவில்லை, அதற்கு நன்றி.

நான் 'சரி' எழுதப் போவதில்லை. தேவை என்கிறாய், என்ன தேவை என்று சொல்ல மறுக்கிறாய். யாரோ ஏதோ நிலம் காட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் கழித்து நீயே எனக்கு நன்றி சொல்வாய்.

உனக்குத் தைரியம் வர ஒன்று சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைத் திருத்துவார்கள். இந்த முறை வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். எட்டு ஊர்களில் பட்டறைகளை வாங்கிப் போட்டு, நடத்தத் தெரியாமல், இரண்டாயிரம் பேருக்குத் தண்டச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. மே மாதம் மூன்று பட்டறைகளை இழுத்து மூடியிருக்கிறது. அதன் இடத்தில் நன்றாக நடக்கும் வேறொரு கம்பெனி உள்ளே வந்துவிட்டது. நாம் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. நமக்கு ஒரு கீறலும் இல்லை. அழுகியதைத் தானே கழித்துக்கொண்டு பட்டியல் உயிரோடு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சிவப்பு அம்புக்குறி உன்னைப் பயமுறுத்தாது.

உன் வீட்டுக்காரரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டச் சொல். அவருக்குப் புரியும்.

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. நேற்றும் அதற்கு முந்தின நாளும் போன் செய்தேன். பண விஷயத்துக்கு அல்ல, நலம் கேட்க. மணி அடித்து ஓய்ந்தது.

சந்தை இரண்டு சதவீதம் ஏறியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது பார்த்தால் அது முக்கியமாகத் தெரியவில்லை.

கவரைப் பிரித்துவிட்டாயா? பிரித்திருந்தால் எனக்கு எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன். எதுவானாலும் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

உன் முட்டி எப்படி? மாத்திரை தீர்ந்திருக்கும். புதிய அட்டை ஒன்று வைத்திருக்கிறேன்.

ஜூலைக் கடிதத்தை நீ சொன்னபடி அவர்தான் படித்தார். எழுந்து நின்று, சத்தமாக. 'தூக்கி எறிந்துவிட்டார்கள்' என்ற இடத்தில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து அந்தப் பத்தியைப் படித்தார். தண்டச் சம்பளம்வரை வந்தார். மகள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவர் சிரித்தார். "உங்க அக்கா சரியாத்தான் எழுதியிருக்காங்க. நமக்கு ஒரு கீறலும் இல்ல" என்றார்.

பெரியவர் ஃபவுண்டரி என்றுதான் நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். முதலாளி பெரியவர் அதை விற்று நான்கு வருடம் ஆகிறது, அக்கா. வாங்கியது உன் உதிரிபாகக் கம்பெனி. மூடிய மூன்றில் ஒன்று எங்களுடையது. மே பதினெட்டாம் தேதி காலை ஷிஃப்டுக்குப் போனவர், கேட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது நீ அம்மாவிடம் சமையலறையில் "இவருக்கு வேலை நிலைக்காதும்மா" என்று சொன்னாய். அவர் அடுத்த அறையில் இருந்தார். இருபது வருடம் ஒரு நாள் லீவு போடாமல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ஃபவுண்டரியின் பின்பக்க ஷெட்டையும் இரண்டு உலைகளையும் பழைய ஆட்களுக்கே குத்தகைக்குத் தருகிறார்கள். எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஏழு பேர் பணம் கட்டிவிட்டார்கள். இவர் பங்கு மட்டும் பாக்கி. முப்பத்தொன்று கடைசி நாள். தவறினால் வெளியாள் ஒருவர் தயாராக நிற்கிறார்; எட்டுப் பேரும் தெருவில் நிற்பார்கள். அந்த ஏழு பேரும் தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து எதுவும் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

நேற்று அவரே சொன்னார். "எழுது. அவங்க சொன்னது இருபது வருஷம் கழிச்சுப் பலிச்சிருச்சுன்னு எழுது. சந்தோஷப்படட்டும்."

எழுதிவிட்டேன். இதுதான் காரணம்.

இருபத்தாறாம் தேதிக்குள் படிவத்தை ஃபண்ட் அலுவலகத்தில் கொடுத்தால் முப்பத்தொன்றுக்குள் பணம் வருமாம், விசாரித்தேன். பழுப்புக் கவரை ஒட்டியபடியே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்று எழுதிவிட்டாய். அதன்பின் அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நீயே பிரித்து, நீயே முடிவு செய். நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் கூரியரில் அனுப்பு.

வேறொன்றும் எழுத வேண்டாம். படிவம் மட்டும் போதும்.

தங்கை

ஆகஸ்ட் 25, மாலை

பொடிசுக்கு,

உன் கடிதம் மூன்று மணிக்கு வந்தது. கூரியர் அலுவலகம் ஏழுக்கு மூடுகிறது. அதற்குள் எழுதுகிறேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது, கையெழுத்துடன். மை இன்னும் காயவில்லை என்று உனக்கே தெரியும்.

நீ எனக்கு ஒரு வழி விட்டிருந்தாய். கவரைத் திருப்பி அனுப்பினால் நான் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம், ஒரு வார்த்தை எழுத வேண்டாம். அப்படித்தான் செய்ய இருந்தேன். கத்தியால் கவரைத் திறக்கும்போது விளிம்பில் இரண்டு பசை தெரிந்தது. கீழே என் வெள்ளைப் பசை. அதற்கு மேல் மருந்துப் புட்டியில் லேபிள் ஒட்டும் மஞ்சள் பசை.

அதனால் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைத் திறந்தேன். ஒரு நாள் சந்தை இறங்கும், நீ பதறுவாய், என் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாய் என்று தோன்றியது. மூடிவிட்டேன். அதை உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பணத்தைப் போடச் சம்மதிக்க மாட்டாய். வெறும் தாளை மடித்து ஒட்டினேன். நடுவில் நான் செத்துப்போயிருந்தால் உன் கையில் அந்த வெறும் தாள்தான் இருந்திருக்கும். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. உன்னை மட்டும்தான் சந்தேகப்பட்டேன்.

வாளியில் மணல் நிற்பதில்லை என்று ஜூன் மாதமே எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். அந்த வரியை விட்டுவிட்டுச் சந்தையைப் பற்றிய வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மாணவியின் விடைத்தாள் மாதிரி.

தண்டச் சம்பளம் என்று எழுதிய கை இதுதான். உன் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சமையலறையில் நான் சொன்னது தப்பு. இந்தக் கடிதத்தை அவரிடமே கொடு. அவர் உட்கார்ந்துகொண்டே படிக்கட்டும்.

கவரை எப்போது திறந்தாய் என்று கேட்க மாட்டேன். ஜூலையில், நான் மறுத்தபின் என்றுதான் நினைக்கிறேன்.

மணி ஆறேகால். ஓடுகிறேன்.

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள தங்கைக்கு,

முட்டி பழகிவிட்டது.

செப்டம்பர் இரண்டாம் தேதி உன் கணக்கில் பணம் சேர்ந்ததாக ஃபண்ட் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. முப்பத்தொன்று அல்ல, இரண்டு. நடுவில் விடுமுறை நாள் வருவதை நீயும் நானும் கணக்கில் எடுக்கவில்லை. புள்ளியியல் படித்தவள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை.

ஷெட் என்ன ஆனது என்று ஆறு வாரமாகக் கேட்காமல் இருந்தேன். இனி முடியவில்லை. ஒரு வரி போதும்.

அக்கா

டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம், இந்த முறை நிஜமாகவே. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என்ன பாடம் என்று கேட்காதே, உன் பாடம்தான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

ஒரு வரி கேட்டாய். பெரிய உலை போய்விட்டது. முப்பத்தொன்று சாயங்காலம் வெளியாள் அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சின்ன உலையும் பாதி ஷெட்டும் மட்டும் மிச்சம். அதற்கு இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார்கள். எட்டுப் பேர் வேலையைச் சின்ன உலை தாங்காது, இருவர் விலகி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன அன்று இவர் சாப்பிடவில்லை. அந்த இரண்டு நாள் யாருடையது என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் கேட்கத் தாமதித்தது பாதி, நீ தரத் தாமதித்தது பாதி. அதிலும் சரிபாதிதான்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை அவர் நின்றுகொண்டுதான் படித்தார். உட்காரச் சொல்லியிருக்கிறாய் என்றேன். "இருக்கட்டும், பழக்கமாயிருச்சு" என்றார். படித்து முடித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. அப்படியே துவைத்துவிட்டேன். மணலோடு சேர்ந்து வாளியில் கிடந்தது. நான்கு துண்டு.

சந்தை ஏறிவிட்டதைக் கடை டிவியில் பார்த்தேன். நாம் போட்டதற்கும் மேலே போய்விட்டது. நீ சொன்னது சரி. எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ அதை எழுதவில்லை, எழுதாததற்கு நன்றி. உன் பாதி அங்கேயே இருக்கட்டும், தொடாதே. அதிலிருந்து எப்போதாவது எடுப்பதானால் நானும் கையெழுத்துப் போட வேண்டும், நினைவிருக்கட்டும். காரணம் கேட்பேன்.

இன்னொன்று. கவரை எப்போது திறந்தேன் என்று கேட்க மாட்டேன் என்றாய். ஜூலை என்று நினைத்துக்கொண்டாய். நினைத்துக்கொள்ளட்டும் என்று மூன்று மாதம் இருந்தேன். முடியவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி திறந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள். உன் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், மை மங்கியிருக்குமோ என்று. பிறகு கடைப் பசையால் ஒட்டி பீரோவில் வைத்தேன்.

அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான் உன் படிவத்தில், நீ பென்சிலில் குறித்த எல்லா இடத்திலும், என் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

தங்கை